நாள்பட்ட தூக்கமின்மை: மூலிகையா, கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையா, டாக்டர் எழுதித் தரும் மாத்திரையா?

பாதிராத்திரி47 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேலாகவே எனக்குத் தூக்கம் சரியில்லை. வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட இரவுகள் மோசம். சில நாள் படுத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் கண் மூடாது, சில நாள் உடனே அசந்துவிடுவேன், ஆனால் இரண்டு மூன்று மணிவாக்கில் விழிப்பு தட்டிவிட்டால் அப்புறம் விடியும் வரை புரண்டுகொண்டே கிடப்பதுதான். பகலில் வேலையில் கவனம் நிற்பதில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது.

இதுவரை மெலடோனின் எடுத்துப் பார்த்தேன், பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஒரு தோழி வலேரியன் வேர் மாத்திரை கொடுத்தாள், நாற்றம்தான் ஞாபகம் இருக்கிறது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கும் டைஃபென்ஹைட்ரமைன் முதல் சில நாள் நன்றாகவே வேலை செய்தது, இப்போது தூக்கமும் இல்லை, காலையில் தலை மட்டும் பாரமாக இருக்கிறது. போன வாரம் டாக்டர் சோல்பிடெம் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை.

என் கேள்விகள்: மூலிகை என்றால் உண்மையிலேயே ஆபத்து குறைவா? சீட்டு இல்லாமல் தருகிறார்கள் என்றால் அது வீரியம் குறைந்தது, தினமும் எடுக்கலாம் என்று அர்த்தமா? டாக்டர் எழுதும் மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

(காபியை நிறுத்து, போனை ஓரம் வை, வெந்நீரில் குளி, இதெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பட்டியல் வேண்டாம்.)

---

தராசுத்தட்டு எழுதியது:

நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மூலிகை, கடை மாத்திரை, டாக்டர் மாத்திரை என்ற பிரிவினை ஒரு பொருளை யார், எப்படி விற்கலாம் என்ற சட்டத்தைச் சொல்கிறதே தவிர உங்கள் மூளைக்குள் அது என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. மெலடோனினையே பாருங்கள். அமெரிக்காவில் வைட்டமின் மாத்திரைக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கும், பிரிட்டனில் அதே பொருளுக்கு மருந்துச் சீட்டு வேண்டும். கடலைத் தாண்டினால் மூலக்கூறு மாறிவிடுமா என்ன? அலமாரியில் இருப்பதில் இன்னொரு தலைவலி, தரக் கட்டுப்பாடு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 31 மெலடோனின் தயாரிப்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. உங்களுக்கு வேலை செய்யாததற்கு இது காரணமா என்று சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவு விழுங்கினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

சரியான அளவே இருந்தாலும் மெலடோனின் ஆளை அடித்துப் போடும் மருந்து இல்லை. இருட்டாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன், அவ்வளவுதான். விமானப் பயணத்தில் நேரம் மாறிப்போனவர்களுக்கும், இயல்பாகவே பின்னிரவில் மட்டும் தூக்கம் வருபவர்களுக்கும் பயன்படுகிறது. தூக்கமின்மைக்கென்று பார்த்தால், ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரியாக ஏழு நிமிடம் முன்னதாகத் தூக்கம் வந்திருக்கிறது. இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வதற்கு இதனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

டைஃபென்ஹைட்ரமைன், டாக்சிலமைன் இரண்டும் பழைய ரக அலர்ஜி மருந்துகள். தூக்கம் வருவது அவற்றின் பக்கவிளைவு, அந்தப் பக்கவிளைவையே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். உடம்பு சீக்கிரம் பழகிவிடுகிறது. ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில் நான்காம் நாளிலேயே வெற்று மாத்திரைக்கும் டைஃபென்ஹைட்ரமைனுக்கும் தூக்கக் கலக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. தூக்கம் தரும் விளைவு மங்கினாலும் மருந்து உடம்பில் தங்குவது குறைவதில்லை, பாதி வெளியேறவே சுமார் ஒன்பது மணி நேரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் காலைத் தலைபாரம் அதுதான். வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் சரியாகப் போகாமல் இருப்பது, வயதானவர்களுக்கு மனக்குழப்பம் எல்லாம் இதன் கூடவே வரும். 65 வயதைத் தாண்டியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இது இருக்கிறது. சீட்டு இல்லாமல் கிடைப்பது என்றால் எப்போதாவது ஓர் இரவுக்கு. தினமும் எடுக்கலாம் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது, வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள்.

டாக்டர் மாத்திரைகளை ஒரே கூடையில் போடுவதும் தவறு. டயசெபாம், கிளோனசெபாம் போன்ற பென்சோடயசெபைன்கள் ஒரு குடும்பம். சோல்பிடெம், எசோபிக்லோன் இரண்டும் அதற்குத் தம்பிமார், ஏறக்குறைய அதே பூட்டைத் திறக்கும் சாவிகள். அடுத்து சுவோரெக்சன்ட், லெம்போரெக்சன்ட், டாரிடோரெக்சன்ட் என்று 2014 முதல் வந்தவை. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஒரெக்சின் என்ற பொருள் 1998இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, இவை அதன் வேலையைத் தடுக்கின்றன. மூளையை அமுக்குவதற்குப் பதில் விழிப்பைத் தணிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. அப்புறம் டோக்செபின், 3 அல்லது 6 மில்லிகிராம் அளவில். மனச்சோர்வுக்கு இதையே 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். இந்தச் சிறு அளவில் அது தடுப்பது பெரும்பாலும் ஹிஸ்டமின் என்ற, விழிப்புக்கு உதவும் மூளைப் பொருளை மட்டும்தான், அதனால் அலர்ஜி மாத்திரையின் வாய் உலர்வு, குழப்பம் எல்லாம் மிகக் குறைவு. இரவு நடுவில் விழிப்பவர்களுக்கு எழுதுகிறார்கள்.

உங்கள் சோல்பிடெம் பற்றி. சாதாரண ரகம் என்றால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். தூக்கம் வருவதற்கு உதவும், இரண்டு மணி விழிப்புக்கு அவ்வளவாக உதவாது. நீங்கள் டாக்டரிடம் எந்தக் குறையைச் சொன்னீர்கள்? அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2013இல் பெண்களுக்கான ஆரம்ப அளவை 10இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது, ஏனென்றால் காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மருந்து மிச்சம் இருந்தது. 2019இல் தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, கார் ஓட்டுவது போன்றவற்றுக்காகப் பெட்டி எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டது. அரிதுதான், ஆனால் ஒருமுறை அப்படி நடந்தால் மறுபடி அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. எடுத்தால் உடனே படுத்துவிட வேண்டும், முழு இரவும் கையில் இருக்க வேண்டும், மது கூடவே கூடாது.

---

வேர்ப்பிடிப்பு எழுதியது:

தராசு சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் மூலிகையை இப்படிப் பேச்சே இல்லாமல் தாண்டிப் போனது நியாயமில்லை. நான் மூலிகைப் பக்கம் சாய்ந்தவள், அதனாலேயே இதைக் கறாராகப் பார்க்கிறேன்.

வலேரியன் விஷயத்தில் என் கட்சிக்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை. பல நூற்றாண்டாகப் பயன்பாட்டில் இருக்கிறது, அதில் இருக்கும் வலெரினிக் அமிலம் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளின் ஏற்பிகளைத் தொடுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஆட்களை வைத்துச் சோதித்தால் ஒரு சோதனையில் பலன், அடுத்ததில் ஒன்றுமில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட தூக்கமின்மைக்கு வலேரியன் வேண்டாம் என்றே சொன்னது. (அதே வழிகாட்டுதல் மெலடோனினையும் டைஃபென்ஹைட்ரமைனையும் டிராசோடோனையும்கூட வேண்டாம் என்றது. டிராசோடோன் டாக்டர்கள் தாராளமாக எழுதும் மாத்திரை. ஆக, அடி மூலிகைக்கு மட்டும் விழவில்லை.)

அமுக்கரா, அதாவது அசுவகந்தா, கொஞ்சம் பரவாயில்லை. சில வாரம் தொடர்ந்து எடுத்தவர்களிடம் தூக்கம் சிறிதளவு மேம்பட்டதாகச் சோதனைகள் உண்டு, ஆனால் அவை சின்னச் சின்னச் சோதனைகள். எனக்கு இதமாகத்தான் இருந்தது, அது மூலிகையா மனசா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் "இயற்கை, ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒன்றும் செய்யாது என்றால் எதற்கு விழுங்குகிறீர்கள்? கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். டென்மார்க் 2023இல் தடையே போட்டது, அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு கதை. காவா என்ற வேரை எங்காவது பார்த்தால் தள்ளி நில்லுங்கள், கல்லீரல் விஷயத்தில் அதன் பெயர் இன்னும் மோசம்.

முக்கியமாக, கலக்காதீர்கள். சோல்பிடெம் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் வலேரியனை மூட்டை கட்டுங்கள், இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும். மனசுக்கு நல்லது என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நேர் எதிர், கல்லீரலைத் தூண்டிவிட்டுப் பல மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துவிடும், கருத்தடை மாத்திரை உட்பட. எந்த டாக்டரிடம் போனாலும் மூலிகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

சீமைச் சாமந்தித் (கெமோமில்) தேநீர் குடிக்கலாம். சூடாக எதையாவது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்கு அது போதும்.

---

மெல்லமெல்ல எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பாதையில் நடந்தவன் நான்.

விட முடியும். ஆனால் எந்த மாத்திரை, எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தது. எனக்கு ஒரு கஷ்டமான காலத்தில் கிளோனசெபாம் எழுதினார்கள். நன்றாகவே தூங்கினேன், அதை மறுக்க மாட்டேன். அடுத்தடுத்து டாக்டரைப் பார்க்கப் போனபோது யாரும் "இதை எப்போது நிறுத்துவது" என்று கேட்கவில்லை, சீட்டு மட்டும் புதுப்பித்துக்கொண்டே போனது. வருடக்கணக்கில் எடுத்த பிறகு, இரவில் தூக்கம் வருவதற்காக எடுக்கிறேனா, எடுக்காவிட்டால் வரும் நடுக்கத்துக்குப் பயந்து எடுக்கிறேனா என்றே தெரியாமல் போயிற்று.

பென்சோடயசெபைனைத் தொடர்ந்து எடுப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரை போகலாம். இதை இரண்டு முறை படியுங்கள். எனக்கு வேறொரு டாக்டர் மெதுவாகக் குறைத்தார், ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே எடுக்கும் அளவில் ஐந்திலிருந்து பத்து சதவீதம், அப்புறம் சில வாரம் அதே இடத்தில் நிற்பது. அமெரிக்காவில் 2025இல் வந்த கூட்டு வழிகாட்டுதலும் ஆரம்பத்துக்கு இதே வேகத்தைத்தான் சொல்கிறது, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு படி. அவசரப்படுத்தும் டாக்டரிடம் இதைக் காட்டலாம்.

ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில இரவு தூக்கம் முன்பைவிட மோசமாகும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "பார், மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது" என்று முடிவு கட்டிப் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறார்கள். அது பழைய நோய் இல்லை, மருந்து குறைந்ததால் வரும் எதிர்வினை, தானாகவே அடங்கும். யாராவது இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி பயம் போய்விடும்.

சோல்பிடெத்திலும் இது உண்டு, ஆனால் சில இரவு எடுத்து நிறுத்துபவருக்கும் ஒரு வருடம் எடுத்தவருக்கும் ரொம்ப வித்தியாசம். ஆரம்பிக்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அதைச் சொல்லத் தயங்குகிறார் என்றால் இன்னொருவரைப் பார்க்கலாம்.

---

எட்டடிக்கட்டில் எழுதியது:

மூன்று பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மூன்று பேருமே விழுங்குவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு (வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் என்பது கணக்கு, கேட்டவர் அதைத் தாண்டிவிட்டார்) முதல் சிகிச்சை மாத்திரையே இல்லை. சிபிடி-ஐ என்று சொல்லும் நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க உள்மருத்துவர்கள் கல்லூரி 2016இல் அப்படியே எழுதிவிட்டது, ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதேதான்.

கோபப்படாதீர்கள், இது வெந்நீர்க் குளியல் பட்டியல் இல்லை. அந்தப் பட்டியல் தனியாகப் பெரிதாக உதவாது என்பது உண்மைதான். இதில் இரண்டு முக்கியமான வேலை. ஒன்று, 1972இல் பூட்சின் என்பவர் சொன்னது: தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போ, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, தூக்கம் வந்தபின் திரும்பி வா. படுக்கை என்றாலே புரளும் இடம் என்று மூளை கற்றுக்கொண்டதை அழிப்பதுதான் நோக்கம். இன்னொன்று 1980களில் ஸ்பீல்மன் கொண்டுவந்தது, முதலில் கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும்: படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைப்பது. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், படுக்கையில் ஐந்தரை மணி நேரம் மட்டும். எழும் நேரம் மாறவே கூடாது. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக ஆனதும் கால் மணி நேரம் கூட்டுவார்கள். பொதுவாக ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்குவதில்லை.

முதல் இரண்டு வாரம் நரகம், அதை யாரும் மறைக்கக் கூடாது. பகலில் தூக்கம் சொக்கும். லாரி, பேருந்து ஓட்டுபவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக இதை முயலக் கூடாது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பலனும் நிற்கும், இதில் பலன் நிற்பதில்லை. கிடைப்பதுதான் கஷ்டம், பயிற்சி பெற்றவர்கள் எண்ணிக்கை எங்கேயும் குறைவு. செயலி வழியாகச் செய்வதும் ஓரளவு பலன் தருகிறது.

அப்புறம் ஒரு கேள்வி. குறட்டை உண்டா? படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல, அசைக்காமல் இருக்க முடியாமல் இருக்கிறதா? இந்த இரண்டையும் கேட்காமல் தூக்க மாத்திரை எழுதுவது எனக்குப் புரியாத விஷயம். மூச்சுத் தடைபடும் குறட்டைக்காரருக்கு பென்சோடயசெபைன் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

---

பாதிராத்திரி47 எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி.

குறட்டை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் கால் விஷயம் இருக்கிறது! சாயங்காலம் உட்கார்ந்தாலே ஆரம்பிக்கும், படுத்தால் அதிகம், எழுந்து நடந்தால் போய்விடும். களைப்பு என்று நினைத்து டாக்டரிடம் சொல்லவே இல்லை. தராசு கேட்டதற்கும் பதில்: "தூக்கம் வரவில்லை" என்று மட்டும்தான் சொன்னேன், நடுராத்திரி விழிப்பதைச் சொல்லவில்லை. இன்றைக்கு எதையாவது எடுக்கலாமா, வேண்டாமா?

---

தராசுத்தட்டு எழுதியது:

எட்டடிக்கட்டிலுக்கு ஒரு கும்பிடு, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நீங்கள் சொல்வது அமைதியற்ற கால் நோய் போலவே கேட்கிறது. டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும், ஆனால் அப்படி என்றால் கதை மாறுகிறது. டைஃபென்ஹைட்ரமைன் போன்ற அலர்ஜி மாத்திரைகள் இந்தக் கால் ஊரலை அதிகமாக்கும். அதனால் அதை எடுத்துவிட்டு மோசமாகத் தூங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளில் பலவும் இதைச் செய்யும், ஏதாவது எடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

டாக்டரிடம் போய் கால் விஷயத்தையும் இரண்டு மணி விழிப்பையும் சொல்லி, ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அளவு பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ஆய்வக அறிக்கை "இயல்பு" என்று காட்டும் அளவிலேயே இந்த நோய்க்கு இரும்புச்சத்து கொடுப்பது உண்டு, ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் யோசிப்பார்கள். அதனால் "நார்மல்" என்ற சொல்லோடு விட்டுவிடாமல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை நீங்களாகவே ஆரம்பிக்கவும் வேண்டாம், சிலருக்கு உடம்பில் இரும்பு அதிகமாகச் சேரும் கோளாறு இருக்கும்.

இன்றைக்கு அலர்ஜி மாத்திரையை நிறுத்தலாம், அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. சோல்பிடெத்தைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், இந்தப் புது விவரத்தோடு அது வேண்டுமா என்று எழுதியவரே முடிவு செய்யட்டும்.

---

வேர்ப்பிடிப்பு எழுதியது:

போகும்போது வலேரியன் டப்பாவையும் எடுத்துப் போங்கள், லேபிளோடு. ஃபெரிட்டின் எண் வந்ததும் இங்கே போடுங்கள்.